எர்லிந்தா ஆர்சிகாவின் ஓட்டு

மெக்சிகோ நகரம்
1947 பிப்ரவரி 14

என் அருமை ஒபதூலியா,

நலமாக இருக்கிறேன். நெஞ்சுச் சளி மட்டும் இந்த வருஷமும் என்னோடுதான் குடித்தனம் செய்வேன் என்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் ஃபிதென்சியோ, பிள்ளைகள், எல்லாரும் சுகம்தானே?

அரசிதழில் வந்துவிட்டது! நானே போய் வாங்கி, மை கையில் ஒட்ட ஒட்டப் படித்தேன். இனி நகராட்சித் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போடலாம், நிற்கவும் நிற்கலாம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க நமக்கு இன்னும் மூளை வளரவில்லையாம். சாக்கடை, சந்தை, தெருவிளக்கு, இதற்குப் போதும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதாம். இருக்கட்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குச் சண்டை போடலாம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்ச் சதுக்கத்தில் சட்டமன்றத்துக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்களே, நானும் போட்டியிட்டேனே, அதை நினைத்துக்கொண்டேன். யாரை வேண்டுமோ அவருக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும், நீளமான வரிசைக்காரர் ஜெயித்தவர். என் வரிசை கோயிலைத் தாண்டி, கசாப்புக் கடை வரைக்கும் போனது. கமிட்டிக்காரர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். "பொம்பளைங்க கும்பலா நின்னா அது வரிசை ஆயிடுமா?" என்று சொல்லி, மரக்கடை மாக்சிமினோவின் தம்பியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் இரண்டு அவையும் பெண்களுக்கு ஓட்டு என்று கைதூக்கின, மாநிலங்கள் சம்மதித்தன, அரசிதழில் ஒரு பத்தி போட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பத்தியைக் கடைசிவரை போடவே இல்லை. பெண்கள் பாதிரியார் கைகாட்டுகிற ஆளுக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட வேலை முடிந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். டிசம்பரில் நம் ஊர் நகராட்சித் தலைவர் பதவிக்கு நான் நிற்கப் போகிறேன். அப்பா வீட்டில் பாதி இன்னும் என் பெயரில்தானே இருக்கிறது? அந்த முகவரியில் என் பெயரை வாக்காளராகப் பதிய வேண்டும். உன் வீட்டுக்காரர்தான் இப்போது தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் குமாஸ்தா மறுக்கவா போகிறான்? கட்சிக் கூட்டம் எப்போது என்றும் கேட்டு எழுது.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று தெரிந்துகொள்.

உன் அக்கா,
எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
1947 ஏப்ரல் 27

அன்பு ஒபதூலியா,

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

சந்தையில் தாமலே கொழுக்கட்டை விற்கிற எதுவிகேஸுக்கும் எழுதியிருந்தேன். அவளுக்கு எழுதத் தெரியாது. யாரையோ பிடித்து நான்கே வரி எழுதி அனுப்பியிருக்கிறாள். "டீச்சரம்மா, நீங்க வாங்க. இந்தத் தடவை எங்களை வரிசை இல்லைன்னு எவனாவது சொல்லட்டும், கொதிக்கிற பானையோட வர்றேன்." எழுதப்படிக்கத் தெரிந்த என் தங்கை நான்கு வரிக்கு வழியில்லாமல் இருக்கிறாள்.

துணி துவைக்கிற துறைக்குத் தண்ணீர் கொண்டுவருவதுதான் என் முதல் வேலை. பெண்கள் மூட்டையோடு மலையடி ஓடைக்கு நடக்கிறார்கள், தண்ணீர்க் குழாயோ உன் வீட்டுக்காரரின் பழத் தோட்டத்துக்குள் போய் முடிகிறது. கோபித்துக்கொள்ளாதே. நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்கிறது.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

எர்லிந்தா


சிராந்தாரோ
1947 ஜூலை 19

குவாதலூப்பே மாதா துணை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

மாதாவின் தயவில் நாங்கள் எல்லாரும் நலம். நீயும் நலமாக இருக்க ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். நீ நம்பாவிட்டால் போகிறது, சளி நம்பும். என் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வராவிட்டாலும் வலிக்கிறது.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் இரண்டு கடிதமும் வந்தன. மகள் கல்யாண வேலை உனக்குத் தெரியாதா? ஊரே சாப்பிட்டது. நீ வராதது ஒன்றுதான் குறை. கவர்னர் வீட்டம்மா வந்திருந்தார்! நம் ஊர்க் கொருந்தாக் கொழுக்கட்டையைக் கையால் எடுத்துச் சாப்பிட்டார், நம்பவே முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி அடக்கமான பெண்கள்தான் இப்போ நாட்டுக்கு வேணும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் பெயரைப் பதிந்தாகிவிட்டது. அவரே குமாஸ்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும் அவர்தான் பதிந்தார், ஒருத்திக்கும் அலைச்சல் இல்லை. நீதான் அவரைக் குறை சொல்கிறாய்.

நீ நிற்பதைப் பற்றியும் சொன்னேன். சிரித்தார்.

இங்கே ஆகஸ்டில் புதுத் துணி தைக்கிறேன், கறுப்பில், வெள்ளைக் காலர் வைத்து. மாநிலத் தலைநகர் மொரேலியாவிலிருந்து போட்டோக்காரர் வருகிறாராம். எதற்கு என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு.

உன் தங்கை,
ஒபதூலியா


மெக்சிகோ நகரம்
1947 செப்டம்பர் 8

ஒபதூலியா,

நலம்தான். நீயும் நலமாகத்தான் இருப்பாய், போட்டோவில் கன்னம் பூரித்திருக்கிறது.

வெள்ளைக் காலர் உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று பத்திரிகையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? மொரேலியாவில் இருக்கிற என் சினேகிதி பக்கத்தை வெட்டி அனுப்பியிருந்தாள். "மாநிலத்தின் முதல் பெண் வேட்பாளர்களில் ஒருவர், லட்சிய மனைவி, ஐந்து பிள்ளைகளின் தாய்." கீழே உன் பெயர். அதற்கும் கீழே, புருஷன் பெயர், அவர் செய்த சேவைகள் ஒரு பத்தி நீளத்துக்கு.

நான் ரயில் ரயிலாக ஏறி ஊர் ஊராகப் பேசியபோது என் மேல் அழுகிய தக்காளி எறிந்தார்கள். "கல்யாணம் ஆகாதவ, வேற வேலை இல்லை" என்று சுவரில் எழுதினார்கள். பள்ளி இன்ஸ்பெக்டர் உத்தியோகத்திலிருந்து இறக்கி, மண் தரை போட்ட பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அப்போதெல்லாம் நீ எனக்கு என்ன எழுதுவாய் தெரியுமா? "அக்கா, உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று.

இப்போது வம்பு உன் வீட்டுக்கு மாலையோடு வந்திருக்கிறது.

ஆத்திரமாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். பதவி போனதற்கு இல்லை என்று சொன்னால் அதுவும் பொய், அதற்கும்தான். ஆனால் ஏப்ரலில் நீ அறிந்திருந்தாய், ஜூலையில் அறிந்திருந்தாய். கொருந்தாவைப் பற்றி எழுதினாய்.

எர்லிந்தா


சிராந்தாரோ
1947 செப்டம்பர் 13

மாதா துணை.

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் காலையில் வந்தது, இப்போதே பதில் எழுதுகிறேன். உன் நெஞ்சுக்கு ஆத்திரம் ஆகாது. தேனும் எலுமிச்சையும் குடி.

நான் கேட்டு வாங்கினேன் என்றா நினைக்கிறாய்? எனக்கே சாப்பாட்டு மேஜையில்தான் தெரியும். அவர் சூப் குடித்துக்கொண்டே, "உன்னை நிறுத்தலாம்னு இருக்கேன். உப்பு எங்க?" என்றார். நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அவர் மறுபடி நிற்க முடியாது. புரட்சி வந்ததே மறுதேர்தல் வேண்டாம் என்றுதானே, "செல்லுபடியாகும் வாக்கு. மறுதேர்தல் இல்லை" என்று ஒவ்வொரு சர்க்கார் காகிதத்தின் அடியிலும் அச்சடித்து வைத்திருக்கிறார்களே. அவர் இறங்கினால் மாக்சிமினோ ஏறுவான், ஏறினால் தோட்டத்துக் குழாயைத்தான் முதலில் தோண்டுவான். மேலிடத்திலும் ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

நீ கோபப்பட்டாலும் சொல்கிறேன். உன்னை அவர்கள் ஒருநாளும் நிறுத்த மாட்டார்கள். "உங்க அக்கா உக்காந்தா எழுந்திருக்க மாட்டா, பேசினா நிறுத்த மாட்டா" என்று கமிட்டித் தலைவர் என் எதிரிலேயே சொன்னார். நானும் வேண்டாம் என்றிருந்தால் அந்த நாற்காலியில் ஒரு மீசைதான் உட்கார்ந்திருக்கும். உன் கூட்டங்களில் நீ சொன்னது என்ன? யாரோ ஒரு பெண் முதலில் உள்ளே போகட்டும் என்றுதானே?

அக்கா, மேடையில் பேச வேண்டுமாம். எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது அவர் பேச்சு மாதிரியே இருக்கிறது. நீ எழுதித் தருவாயா?

உன் ஒபதூலியா


மெக்சிகோ நகரம்
1947 அக்டோபர் 5

ஒபதூலியா,

எலுமிச்சை குடித்தேன். சளி குறைந்திருக்கிறது, ஆத்திரம் அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் நடந்தேன். உப்பு வரியைப் படித்தபோது சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். பாதிரியார் சொன்னபடி போடுவாள் என்று பயந்து பெண்ணுக்கு ஓட்டில்லை என்றவர்களுக்கு, புருஷன் சொன்னபடி போடுவாள் என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. அதைத்தான் இப்போது முன்னேற்றம் என்று பத்திரிகையில் போடுகிறார்கள்.

ஆனாலும் பேச்சை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சின்னப் பேச்சுதான். துறைக்குத் தண்ணீர், சந்தைக்குக் கூரை, பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு. மூன்றையும் உன் வாயால் சொல். நிறுத்தி நிறுத்திப் படி, ஜனங்களின் கண்ணைப் பார். தொண்டை அடைத்தால் தண்ணீர் குடி, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நீ இதைச் சொல்லிவிட்டால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

பதவி எனக்கு இனி இல்லை, புரிந்துகொண்டேன். எனக்கு மிச்சம் இருப்பது ஓட்டு ஒன்றுதான். ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. அதை என் கையால் மடித்து, என் கையால் பெட்டியில் போட வேண்டும். தேர்தலுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். யாருக்குப் போடுவேன் என்று கேட்காதே.

பிள்ளைகளுக்கு முத்தம்.

எர்லிந்தா


சிராந்தாரோ
1947 நவம்பர் 16

மாதா துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. இங்கே பனி ஆரம்பித்துவிட்டது, வரும்போது கம்பளிப் போர்வை கொண்டுவா.

கூட்டம் நன்றாக நடந்தது. வாத்தியக் குழு வந்தது, பட்டாசு வெடித்தார்கள், எதுவிகேஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உன் பேச்சு ரொம்ப அழகாக இருந்தது, நான் வீட்டில் சத்தம் போட்டுப் படித்துப் பழகினேன். அவர் பார்த்துவிட்டு, "முதல் வரியும் கடைசி வரியும் போதும், நடுவில இருக்கிறதெல்லாம் ஜனங்களுக்குக் குழப்பம்" என்றார். அதனால் "அன்பான ஊர்மக்களே" என்றும், "எல்லாருக்கும் நன்றி" என்றும் சொன்னேன். கைதட்டல் ஓயவே இல்லை.

உன் ஓட்டு அட்டை வந்துவிட்டது. அவருடைய மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. தெருப் பெண்களின் அட்டை எல்லாம் அங்கேதான், அவரவர் வீட்டில் இருந்தால் தொலைத்துவிடுவார்கள் பார். நீ வந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

உன் அறையில் புது மெத்தை போட்டிருக்கிறேன்.

ஒபதூலியா


சிராந்தாரோ, விதவை லியோகாதியாவின் சத்திரம்
1947 டிசம்பர் 7, ஞாயிறு மாலை

ஒபதூலியா,

இதை உன் வீட்டு வேலைக்காரி செனோபியா கையில் கொடுத்தனுப்புகிறேன். சதுக்கத்தைத் தாண்டினால் உன் வீடு. தாண்ட மனம் வரவில்லை. உடம்பு எப்படி என்று நீயும் கேட்க வேண்டாம், நானும் கேட்கவில்லை.

நேற்றே வந்திருப்பேன், பஸ் மலைப்பாதையில் படுத்துவிட்டது. இன்று காலை இறங்கியதும் நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாயாம். செனோபியா கதவைத் திறந்து, "அட்டைங்களை எல்லாம் ஐயா விடியுமுன்னே பெட்டியோட எடுத்துட்டுப் போயிட்டாரும்மா" என்றாள். சரி, ஓட்டுச் சாவடியில் கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் எதுவிகேஸ் நின்றாள், நல்ல ரவிக்கை போட்டு, தலைக்கு ரிப்பன் கட்டி.

மருந்துக்கடை எபிக்மெனியோதான் மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"உன் ஓட்டுப் போட்டாச்சு, வீட்டுக்குப் போ" என்றான் எதுவிகேஸிடம்.

"யாருடா போட்டது?"

"நீதான்."

"நான் போட்டா எனக்குத் தெரியாதா? நான் என்ன தூக்கத்தில நடக்கிறவளா?"

வரிசையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. அடுத்து நான் போய் நின்றேன்.

"டீச்சரம்மா! வாங்க வாங்க. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்குறேன்."

அவன் பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினான். விரல் என் பெயரில் நின்றதும் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டான். "காலையிலேயே போட்டுட்டுப் போயிட்டீங்களே."

"எபிக்மெனியோ, என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"மறந்திருப்பீங்கம்மா. வயசாகுதுல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கு வம்பு பண்றீங்க, உங்க வீட்டு ஓட்டு உங்க வீட்டுக்குத்தானே விழுந்திருக்கு?" என்றான்.

என் பெயருக்கு எதிரே பேனாவால் ஒரு குறி இருந்தது, ஒபதூலியா. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் இருந்தவன் தள்ளினான், நகர்ந்தேன். நேரே இந்தச் சத்திரத்துக்கு வந்து அறை எடுத்தேன்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

எர்லிந்தா


சிராந்தாரோ
1947 டிசம்பர் 9

மாதா துணை.

அன்புள்ள அக்கா,

சத்திரத்து மெத்தையில் மூட்டைப்பூச்சி உண்டு, ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வந்துவிடு. நீ சாப்பிடாமல் இருக்கிறாயோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெரியுமா என்று கேட்கிறாய். அட்டைகளை எடுத்துக்கொண்டு போனார் என்று தெரியும். உன்னுடையதும் அதில் இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. பஸ் வரவில்லை, நீ வரமாட்டாய், ஓட்டு வீணாகப் போக வேண்டாமே என்று அவர் நினைத்தாராம். பெண்கள் குளிரில் நிற்க வேண்டாம் என்றுதான் எல்லாருக்கும் அவரே முடித்துவிட்டார். என்னுடையதையும் அவர்தான் போட்டார். நான் வீட்டில் இருந்தேன். மதியம் போட்டோக்காரர் வந்தபோது மட்டும் சாவடிக்குப் போய், பெட்டிக்கு மேல் கையை வைத்து ஒரு வெள்ளைத்தாளைப் போட்டேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம்? எப்படியும் எனக்குத்தானே போட்டிருப்பாய்? யாருக்குப் போட்டிருப்பாய், மாக்சிமினோவுக்கா?

நான் ஜெயித்துவிட்டேன் அக்கா. ஆயிரக்கணக்கில் வித்தியாசம். ஜனவரி முதல் தேதி பதவியேற்பு. உனக்கு என் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நீல உடுப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொள், கறுப்பு வேண்டாம்.

ஒபதூலியா


சத்திரம்
1947 டிசம்பர் 31

ஒபதூலியா,

மூன்று வாரம் உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். அதற்குள் தேர்தல் குழுவிடம் மனுக் கொடுத்தேன், மொரேலியாவுக்குப் போனேன், திரும்பி வந்தேன். "உங்க தங்கச்சி ஜெயிச்சதுக்கு எதிரா நீங்களே மனுவா?" என்று மொரேலியா வக்கீல் சிரித்துச் சிரித்து இருமினான்.

யாருக்குப் போட்டிருப்பேன் என்று கேட்டாய். சொல்ல மாட்டேன். அது எனக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது அது உன் வீட்டுக்காரருக்கும் பெட்டிக்கும் இடையில் ஆகிவிட்டது. உனக்கே போட்டிருப்பேன் என்று வைத்துக்கொள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னை மன்னித்துக்கொண்டே வந்தேன் என்றும் வைத்துக்கொள். அந்த மன்னிப்பைக் கொடுக்கிற சந்தர்ப்பத்தைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லையே.

என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய தோல்விகளைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எதிரிகள் வெளியில் இருந்தார்கள். தோற்றவள் வீட்டுக்குப் போய்ப் படுத்து அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். இந்தத் தடவை எனக்குப் போக வீடு இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்குப் பதவியேற்றதும் ஒரு வாக்கியம் சொல்: "என் அக்கா ஓட்டுப் போடவில்லை, நானும் போடவில்லை, எங்கள் பெயரில் வேறு ஆள் போட்டார்." சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள். மூன்று வருஷமும் உட்கார். நான் உனக்குக் காவலாக நிற்கிறேன், உனக்கு எதிராகப் பேசுகிறவன் பல்லைப் பெயர்க்க எதுவிகேஸ் தயாராக இருக்கிறாள்.

சொல்லாவிட்டால், நீ உள்ளே உட்காருகிற நேரத்தில் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். நீ சொல்கிறவரை எதுவும் சாப்பிட மாட்டேன். நீ என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

எர்லிந்தா


சிராந்தாரோ நகராட்சி, தலைவர் அலுவலகம்
1948 ஜனவரி 5

குடிமகள் எர்லிந்தா ஆர்சிகா அவர்களுக்கு,

தாங்கள் இம்மாதம் முதல் தேதியிலிருந்து இவ்வலுவலகத்தின் வாசலில் அமர்ந்து, உண்ணாமல் இருப்பதாகக் கூறிக்கொண்டு, பொதுமக்களின் போக்குவரத்துக்கும் நல்லொழுங்குக்கும் இடையூறு விளைவித்து வருகிறீர்கள். இவ்வறிவிப்பு கிடைத்தவுடன் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். தவறினால் காவலர்கள் தங்களை அகற்றுவார்கள் என இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது.

செல்லுபடியாகும் வாக்கு. மறுதேர்தல் இல்லை.

ஒபதூலியா ஆர்சிகா தே தினோகோ
நகராட்சித் தலைவர்

அக்கா, பென்சிலில் எழுதுகிறேன், அவர் பக்கத்து அறையில் இருக்கிறார். மேலே உள்ளதை அவர்தான் எழுதினார். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. மாதா சத்தியமாக வேறு எதுவும் இல்லை. அந்த வாக்கியத்தை நான் சொல்ல முடியாது, சொன்னால் எனக்கு வீடு ஏது? பனியில் உட்காராதே. செனோபியாவிடம் அத்தோலே, சூடான சோளக்கஞ்சி, கொடுத்தனுப்பியிருக்கிறேன், யாரும் பார்க்காதபோது குடித்துவிடு.


நகராட்சி வாசல்
அதே நாள்

ஒபதூலியா,

அத்தோலேயை எதுவிகேஸிடம் கொடுத்துவிட்டேன். சூடாக இருந்ததாம்.

காவலர்கள் வந்துவிட்டார்கள், இரண்டு பேர். இந்தக் கடிதம் முடிகிறவரை பொறுக்கச் சொன்னேன், பொறுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேருமே என்னிடம் படித்த பிள்ளைகள்தான். ஒருவனுக்கு என்னைத் தொட மனம் வரவில்லை. இன்னொருவன் உன் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடம், "தலைவரம்மா கையெழுத்து இருக்கே, மீற முடியுமா?" என்றான்.

ஒரு பெண் கையெழுத்துப் போட்டால் இந்த நாட்டில் ஆண்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று என் இளமை முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதோ, எனக்கு எதிரிலேயே கட்டுப்படுகிறார்கள்.

என்னை நாற்காலியோடு தூக்கப் போகிறார்கள். உன் கையெழுத்து செல்லுகிறது, ஒபதூலியா.

எர்லிந்தா